இடக்கைக் கதவா, வலக்கைக் கதவா? - தாழ்ப்பாள் வாங்குமுன் அறிய வேண்டியவை

ஊராட்சிக் கட்டடம் ஒன்றைக் கட்ட முற்படும்போது அஸ்திவாரத்தின் ஆழம், சிமெண்டுக் கலவை, கம்பியின் கனம் ஆகியவை பற்றி மன்றத்தில் நெடுநேரம் ஆலோசிக்கிறோம். நிலைக்கும் கதவுக்கும் எந்த மரம் என்பது பற்றியும் சிறிது பேச்சு எழுவதுண்டு. தாழ்ப்பாளைப் பற்றிப் பேசுவோர் அரியர். “கடையில் கிடைப்பதை வாங்கினால் போயிற்று” என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கட்டடம் திறக்கப்பட்ட நாள் முதல், காலையிலும் மாலையிலும் மக்களின் கை தவறாமல் படுகின்ற பொருள் அதுவே. அது பொருந்தாவிடில் அரிசி மூட்டை அடுக்கிய அறை பூட்டப்படாமல் கிடக்கும். அல்லது உள்ளே இருப்பவர் வெளியே வர இயலாமல் தவிப்பர்.

தாழ்ப்பாள் பொருந்துவதும் பொருந்தாமற்போவதும் கதவின் கையைப் பொறுத்தவை. “இது இடக்கைக் கதவா, வலக்கைக் கதவா?” என்று ஆசாரிமார் கேட்பதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். கேள்வி சிறியது. ஆனால் அதற்குத் தச்சர் ஒரு விடையும், கடைக்காரர் ஒரு விடையும், ஒப்பந்தக்காரர் ஒரு விடையும் கூறுவதுண்டு. அவரவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து மூவர் கூறுவதும் சரியே. இக்குழப்பத்தை நீக்கிக் கதவின் கையை ஐயமின்றிக் காணும் முறையையும், அதற்கேற்ற தாழ்ப்பாளைத் தேரும் முறையையும், தாமிரபரணிக் கரை ஊர்களின் நிலைமையை மனத்திற்கொண்டு இங்கு ஆராய்வோம்.

ஒரு கதவு கற்பித்த பாடம்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் சண்டர்லாந்து என்னும் ஊர் உள்ளது. அங்கு விக்டோரியா மண்டபத்தில் 1883ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சிறுவர்களுக்காக ஒரு வேடிக்கைக் காட்சி நடைபெற்றது. காட்சியின் முடிவில் பரிசுகள் வழங்கப்படும் என்று அறிவிக்கவே, மேல்மாடத்தில் இருந்த பிள்ளைகள் படிக்கட்டு வழியே கீழ்நோக்கி விரைந்தனர். படிக்கட்டின் அடியில் இருந்த கதவோ, வருபவர்களை நோக்கி உட்புறமாகத் திறப்பது. அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டுமே புகும் அளவுக்கு இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. முன்னே வந்தவர்கள் அங்கு நெருக்குண்டு நிற்க, பின்னே வந்தவர்கள் அதை அறியாமல் மேலும் மேலும் நெருக்கினர். 183 பிள்ளைகள் மாண்டனர். அங்குத் தீயும் இல்லை. சுவர் இடியவும் இல்லை. கதவு திறக்கும் திசையும் தாழ்ப்பாள் நின்ற இடமும் அவர்களைத் தடுத்துவிட்டன. இத்துயரத்துக்குப் பின்னர், உள்ளிருந்து தள்ளிய அளவிலேயே விலகும் தாழ்ப்பாள் ஒன்றை அமைத்து, ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் 1892இல் காப்புரிமை பெற்றார்.

நம் நாட்டில் 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். பிள்ளைகள் கூடுகின்ற எந்தக் கட்டடத்திலும் வெளியேறும் வழியைப் பற்றி எண்ணாமல் இருக்க அதன் பின்னர் நமக்கு உரிமை இல்லை.

எனவே தாழ்ப்பாளுக்கு இரண்டு வேலைகள் உண்டு என்பதை முதலில் மனத்தில் இருத்துவோம். வேண்டாதவரை வெளியே நிறுத்துவது ஒன்று. உள்ளே இருப்பவரை, அவர் குழந்தையாயினும் முதியவராயினும், தடையின்றி வெளியே விடுவது மற்றொன்று. கள்வரை நினைத்துத் தாழ்ப்பாள் வாங்குகிறோம். நம்மவரையும் நினைத்து வாங்க வேண்டும்.

நம் பழைய கதவும் அதன் தாழும்

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி போன்ற ஆற்றங்கரை ஊர்களின் பழைய வீடுகளைக் கண்டவர்கள், தெருவாசலில் கனத்த இரட்டைக் கதவைக் கண்டிருப்பர். அவற்றுள் பலவற்றுக்குக் கீல் இல்லை. கதவுப் பலகையின் மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் நீண்டிருக்கும் குடுமி, நிலையின் மேலும் கீழும் உள்ள குழிகளில் நின்று சுழலும். இதனைக் குடுமிக் கதவு என்பர். உட்புறத்தில் குறுக்கே ஒரு கணையமரம். மேலே நாதாங்கிச் சங்கிலி. சில வீடுகளில் கொண்டியும் பூட்டும் இருக்கும்.

இவை கைதேர்ந்த அமைப்புகள். ஆயினும் இவற்றின் அடியில் ஓர் எண்ணம் மறைந்துள்ளது. கதவு உள்நோக்கித் திறப்பது என்பதே அவ்வெண்ணம். உள்நோக்கித் திறக்கும் கதவின் பின்னால் கணையமரத்தை இட்டால், தெருவிலிருந்து எவ்வளவு தள்ளினாலும் கதவு அம்மரத்தில் முட்டி நிற்கும். வெளிநோக்கித் திறக்கும் கதவின் பின்னால் அதே மரத்தை இட்டால், வெளியிலிருந்து இழுப்பவனை அது சிறிதும் தடுக்காது. பழைய வீட்டின் தாழை அப்படியே புதிய ஊராட்சிக் கட்டடத்துக்கு எடுத்து வைக்க இயலாமை இதனால்தான். கதவின் திசை மாறினால் தாழும் மாற வேண்டும்.

இரட்டைக் கதவில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இரண்டு பலகைகளில் ஒன்று முதலில் மூடும். மற்றது அதன்மேல் படிந்து மூடும். மேலே படிகின்ற பலகையைத் தாழிட்டால், கீழே படிந்ததும் தானே நிற்கும். கீழே படிகின்றதை மட்டும் தாழிட்டால், மற்றது காற்றில் திறந்துகொள்ளும். ஆதலின் இரட்டைக் கதவின் கை என்பது மேலே படிகின்ற, முதலில் திறக்கின்ற பலகையின் கையே ஆகும்.

நிற்கும் இடத்தை முதலில் உறுதி செய்க

இனி இடம் வலம் காணும் முறைக்கு வருவோம். ஒரே கதவைத் தெருவில் நின்று பார்த்தால் கீல் இடப்புறம் தெரியும். வீட்டினுள் நின்று பார்த்தால் அதே கீல் வலப்புறம் தெரியும். குழப்பம் முழுவதும் இதிலிருந்தே எழுகிறது. அமெரிக்க நாட்டில் கதவின் வெளிப்புறம் நின்று கீலைப் பார்க்கின்றனர். ஜெர்மனியில் கதவு தம்மை நோக்கி வரும் பக்கத்தில், அதாவது கீலின் முட்டு கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் நின்று பார்க்கின்றனர். ஆகவே உள்நோக்கித் திறக்கும் ஒரே கதவை முன்னவர் இடக்கை என்றும் பின்னவர் வலக்கை என்றும் கூறுவர். வெளிநாட்டு முறையில் அமைந்த பூட்டுகளும் நம் கடைகளில் கிடைப்பதால், உறையின் மேல் அச்சிட்ட ‘இடம்’, ‘வலம்’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்குவது சரியன்று.

நாம் பின்வரும் முறையைக் கைக்கொள்வோம். வாசற்கதவாயின் தெருப்பக்கம் நிற்க வேண்டும். உள் அறைக் கதவாயின் அறைக்கு வெளியே, பூட்டுத் தொங்கும் பக்கம் நிற்க வேண்டும். அங்கிருந்து இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். கீல் எந்தப் பக்கம்? கதவு நம்மை விட்டு உள்ளே செல்கிறதா, நம்மை நோக்கி வெளியே வருகிறதா? இவ்விரு விடைகளையும் சேர்த்தால் நான்கு வகைக் கதவுகள் கிடைக்கும்.

(1) இடம்-உள்: கீல் இடப்புறம், கதவு உள்ளே செல்லும்.
(2) வலம்-உள்: கீல் வலப்புறம், கதவு உள்ளே செல்லும்.
(3) இடம்-வெளி: கீல் இடப்புறம், கதவு வெளியே வரும்.
(4) வலம்-வெளி: கீல் வலப்புறம், கதவு வெளியே வரும்.

குடுமிக் கதவில் கீல் தெரியாது. அங்குக் கதவைச் சிறிது அசைத்து, எந்த விளிம்பு அசையாமல் நிற்கிறதோ அதனையே கீல் பக்கம் எனக் கொள்ள வேண்டும்.

இவ்விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. கதவை மேலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மூடும்போது அது கடிகார முள் சுற்றும் திசையில் செல்கிறதா, எதிர்த்திசையில் செல்கிறதா? இடம்-உள், வலம்-வெளி ஆகிய இரண்டும் கடிகாரத் திசையில் மூடும். வலம்-உள், இடம்-வெளி ஆகிய இரண்டும் எதிர்த்திசையில் மூடும். இம்முறையின் சிறப்பு யாதெனில், பார்ப்பவர் தெருவில் நின்றாலும் வீட்டினுள் நின்றாலும் கடிகாரத் திசை மாறாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4043 என்னும் தரநிலை, கதவு மூடும் திசையையும் அதன் முகங்களையும் குறிக்கும் முறையைப் பற்றியதே. தச்சரும் கடைக்காரரும் ஒன்றுபட முடியாதபோது இக்கடிகார முறையைக் கொண்டு தீர்த்துக்கொள்ளலாம்.

உள்ளே திறப்பதா, வெளியே திறப்பதா?

இது தச்சரின் விருப்பத்துக்கு விடத்தக்கது அன்று. கட்டடத்தின் பயனே இதனை முடிவு செய்ய வேண்டும்.

குடும்பம் வாழும் வீட்டின் வாசற்கதவு உள்நோக்கித் திறப்பதே நம் வழக்கம். அதற்குக் காரணங்கள் உள. தெருவில் செல்பவர்மீதும் படியில் நிற்பவர்மீதும் கதவு மோதாது. ஐப்பசி கார்த்திகை மழை கதவின் உள்முகத்தில் படாது. கீல் உட்புறம் மறைந்திருப்பதால் வெளியிலிருந்து அதன் ஆணியைக் கழற்ற இயலாது.

ஆற்றங்கரை ஊர்களில் மற்றொரு காரணமும் உண்டு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. வெளிநோக்கித் திறக்கும் ஒரு கதவின் அகலம் 90 செ.மீ. எனவும், வாசலில் நீர் 60 செ.மீ. உயரம் நிற்பதாகவும், வீட்டினுள் நீர் புகவில்லை எனவும் கொள்வோம். நீரின் அழுத்தம் மேலே ஒன்றுமில்லாமல் தொடங்கி அடியில் மிகுவதால், சராசரி ஆழம் 30 செ.மீ. ஆகும். 30 × 60 × 90 = 1,62,000 கன செ.மீ.; அதாவது 162 லிட்டர் நீரின் எடை. ஏறத்தாழ 160 கிலோ எடை கதவின்மேல் சாய்ந்து நிற்கிறது. கீலுக்கு எதிர் விளிம்பில் தள்ளினாலும் 80 கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும். முதியவரால் இது ஆகுமா? உள்நோக்கித் திறக்கும் கதவிலோ அவ்வெடையைக் கீலும் தாழ்ப்பாளும் தாங்கி நிற்கும். தாழை விலக்கிய கணத்தில் கதவு வேகமாக உள்ளே வரும். ஆதலின் எந்தக் கதவாயினும் நீர் படியேறுமுன் வெளியேறுவதே முறை. தப்பித் தங்கிவிட்டவர், கதவின் எதிரே நில்லாமல் தாழ்ப்பாள் பக்கமாக ஒதுங்கி நின்று தாழை விலக்க வேண்டும்.

பலர் கூடும் கட்டடங்களுக்கு நிலைமை வேறு. பள்ளி, அங்கன்வாடி, சமுதாயக் கூடம், ஊராட்சி மன்றக் கூடம் ஆகியவற்றில் அச்சம் எழுந்தால் மக்கள் கதவை நோக்கி நெருக்குவர். நெருக்கும் திசையிலேயே கதவு திறக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் கதவுகள் வெளிநோக்கித் திறக்க வேண்டும் எனவும், உள்ளிருந்து சாவியின்றியே திறக்கத்தக்கனவாக இருக்க வேண்டும் எனவும் கூறுகிறது. திறந்த கதவு தாழ்வாரத்தின் நடைவழியை அடைக்கவும் கூடாது.

கழிப்பறைக் கதவும் வெளிநோக்கித் திறப்பதே நலம். சிறிய அறையில் ஒருவர் மயங்கி விழுந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துவிடும். உதவிக்கு ஓடிவந்தவர் கதவைத் திறக்க இயலாமல் நிற்க நேரும். நெல் மூட்டையோ உர மூட்டையோ அடுக்கும் அறைக்கும் இதே நியாயம் பொருந்தும். மூட்டை சரிந்தால் உள்நோக்கிய கதவு திறவாது. ஆனால் வெளிநோக்கிய கதவின் கீல் வெளியே தெரியும் என்பதால், ஆணியைக் கழற்ற இயலாதவாறு இரு முனைகளும் அடிக்கப்பட்ட கீலையே அங்குப் பயன்படுத்த வேண்டும்.

கீல் எந்தப் பக்கம் அமைய வேண்டும்?

திசை முடிவான பின்னரே கீலின் பக்கத்தை முடிவு செய்ய வேண்டும். அதற்கு நான்கு செய்திகளை நோக்குவோம்.

முதலாவது சுவர். திறந்த கதவு அருகில் உள்ள சுவரோடு சேர்ந்து நிற்க வேண்டும். அறையின் நடுவே நீட்டிக்கொண்டு நிற்கலாகாது. 2024-25ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அத்தகைய சிறு வீட்டில், தவறான பக்கம் திறக்கும் ஒரு கதவு, கட்டிலோ குலுக்கையோ வைக்கவேண்டிய மூலையை வீணாக்கிவிடும்.

இரண்டாவது காற்று. கார்ப் பருவத்தில் மேல்காற்றும், பிசானப் பருவத்தில் வாடையோடு கூடிய மழையும் நம் பள்ளத்தாக்குக்கு உரியவை. வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பக்கங்களில் ஆனி, ஆடி மாதங்களின் மேல்காற்று எத்தகையது என்பதை அங்கு வரிசையாக நிற்கும் காற்றாலைகளே கூறும். வடக்கு அல்லது தெற்கு நோக்கிய வாசலில் வெளியே திறக்கும் கதவு இருக்குமாயின், அதன் கீலை மேற்குப் பக்கம் அமைப்பது நன்று. சற்றே திறந்த கதவின் வெளிமுகத்தில் காற்றுப் பட்டு, அதனை மூடவே முயலும். கீல் கிழக்கே இருந்தால் காற்று கதவின் உட்புறம் புகுந்து அதனைப் பிடுங்கி அடிக்கும். கீலின் திருகாணிகள் சில பருவங்களிலேயே தளர்ந்துவிடும்.

மூன்றாவது கை. நம் பெண்கள் குடத்தை இடது இடுப்பில் வைத்து இடக்கையால் அணைத்துக்கொண்டு வருவது பெரும்பான்மை. ஓய்ந்திருப்பது வலக்கையே. புறவாசல் வழியாக நீருடன் நுழைபவருக்குத் தாழ்ப்பாள் வலப்புறமும் கீல் இடப்புறமும் இருந்து, கதவு உள்ளே செல்லுமாயின், குடத்தை இறக்காமலே திறந்து நுழையலாம். நம் கணக்கில் இது இடம்-உள் கதவு. இடக்கைப் பழக்கம் உடையவர் வீட்டில் இதனை மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவது நடக்க இயலாதவர். சக்கர நாற்காலியில் வருபவர் தாழ்ப்பாளை எட்டித் தொட வேண்டுமாயின், தாழ்ப்பாள் உள்ள விளிம்பை ஒட்டிச் சுவர் மூலை இருத்தல் ஆகாது. பொதுக் கட்டடங்களில் மூலைப் பக்கம் கீலையும், திறந்த பக்கம் தாழ்ப்பாளையும் அமைத்தால் இக்குறை நேராது. முதற் கூறிய சுவர்க் கணக்கும் இதனோடு ஒத்துப்போகும்.

தாழ்ப்பாள் வகைகளும் அவற்றின் கையும்

கடையில் உள்ள தாழ்ப்பாள்களை, கை பாராதவை, திருப்பினால் பொருந்துபவை, கை பார்ப்பவை என மூன்றாகப் பகுக்கலாம்.

கை பாராதவை: நாதாங்கி, கொக்கி, டவர் போல்ட் எனக் கடைகளில் வழங்கும் நேர்த்தாழ்ப்பாள் ஆகியவை எந்தக் கதவுக்கும் ஆகும். ஆனால் நேர்த்தாழ்ப்பாள் இடம் வலம் பாராவிடினும் உள் வெளி பார்க்கும். உள்நோக்கித் திறக்கும் கதவு மூடியிருக்கும்போது, அதன் உள்முகம் நிலையின் உள்முகத்தோடு ஏறத்தாழச் சமமாக நிற்கும். தாழ்ப்பாளின் கம்பி நேரே சென்று நிலையில் அடித்த வளையத்தில் புகும். வெளிநோக்கித் திறக்கும் கதவில் நிலையின் விளிம்பு கதவுக்கு முன்னே எழுந்து நிற்கும். அங்கு வளையத்துக்கு இடமில்லை. விளிம்பிலேயே துளையிட்டுக் கம்பியைப் புகுத்த வேண்டும். இதனைத் தச்சருக்கு முன்னரே சொல்லுதல் அவசியம்.

திருப்பினால் பொருந்துபவை: வெளியே பூட்டுத் தொங்கவிடுவதற்கான ஆல்டிராப் இவ்வகையைச் சேர்ந்தது. இதன் கம்பியை இடப்புறமும் வலப்புறமும் செல்லுமாறு பெரும்பாலும் திருப்பி அமைக்கலாம். ஆனால் எப்பக்கம் அமைத்தாலும் பூட்டு மாட்டும் நாக்கு தன் எடையால் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். தோட்டத்துக் கதவிலும் தொழுவத்துப் படலிலும் காணும் விழுதாழும் இத்தகையதே. விழும் கம்பி தன் எடையால் விழ வேண்டும் ஆதலின், அதனைத் தலைகீழாக மட்டும் வைக்க இயலாது.

கை பார்ப்பவை: கதவின் முகத்தில் அறையும் பெட்டிப்பூட்டும், பலகையின் கனத்துக்குள் புதைக்கும் மார்ட்டைஸ் பூட்டும் இவ்வகையின. தானே பூட்டிக்கொள்ளும் வில் நாக்கு இவற்றில் உண்டு. அந்நாக்கின் ஒரு முகம் சரிவாகவும் மறுமுகம் நேராகவும் இருக்கும். கதவு மூடும்போது எந்த முகம் முதலில் நிலையில் மோதுகிறதோ, அதுவே சரிவு முகமாக இருக்க வேண்டும். உள்நோக்கித் திறக்கும் கதவில் சரிவு வெளிப்புறம் பார்க்கும். வெளிநோக்கித் திறக்கும் கதவில் அது உட்புறம் பார்க்கும்.

இடக்கைக்கு வாங்கிய பெட்டிப்பூட்டு வலக்கைக் கதவுக்கு வந்துவிட்டால், சிலர் அதனைத் தலைகீழாக வைத்து அறைந்துவிடுகின்றனர். இதனால் இடம் வலமாக மாறும் என்பது உண்மையே. ஆனால் உள் வெளியாக மாறாது. நாக்கின் சரிவு முன்பு பார்த்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எனவே இடம்-உள் பூட்டை வலம்-உள் கதவுக்கு ஒருவாறு பொருத்தலாம்; இடம்-வெளி கதவுக்கு எவ்வாறு திருப்பினும் அது பொருந்தாது. மேலும் தலைகீழாக வைத்த பூட்டில் சாவித்துளையும் தலைகீழாகி, இருட்டில் சாவி போடுபவரை அலைக்கழிக்கும். இக்காலத்து மார்ட்டைஸ் பூட்டுகள் பலவற்றில் நாக்கைக் கழற்றித் திருப்பும் வசதி உண்டு. வாங்குமுன் கடைக்காரரை அதனைத் திருப்பிக் காட்டச் சொல்வது நலம்.

தொங்குபூட்டுக்குக் கை இல்லை. மாங்காய்ப் பூட்டு முதலிய வகைகளுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல் பூட்டு, 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் எத்துணை உறுதியான பூட்டாயினும், அது தொங்கும் வளையம் தளர்ந்த திருகாணியில் நிற்குமாயின் பயனில்லை. கனத்த கதவுகளில் வளையத்தை, கதவினூடே சென்று உட்புறம் மரை இட்டு முடுக்கும் போல்ட்டினால் பொருத்த வேண்டும். காயல்பட்டினம், புன்னைக்காயல், உவரி போன்ற கடலோர ஊர்களில் இரும்பு விரைவில் துருவேறும். பித்தளையோ துருவேறா எஃகோ ஏற்றது.

ஓர் எடுத்துக்காட்டு

வடக்கு நோக்கிய ஓர் அங்கன்வாடிக் கட்டடத்துக்குத் தாழ்ப்பாள் வாங்குவதாகக் கொள்வோம். அதில் வாசற்கதவு, பொருள் அறைக் கதவு, கழிப்பறைக் கதவு என மூன்று கதவுகள்.

வாசற்கதவு: குழந்தைகள் கூடும் இடம் ஆதலின் வெளிநோக்கித் திறக்க வேண்டும். தெருவில் நின்று தெற்கே பார்த்தால் வலப்புறம் மேற்கு. மேல்காற்றை நினைத்துக் கீலை மேற்கே வைக்கிறோம். எனவே இது வலம்-வெளி. மூடும் திசை கடிகாரத் திசை. முழுதும் திறந்த கதவை நிறுத்த வெளிச் சுவரில் ஒரு கொக்கி வேண்டும். உட்புறம் பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு நேர்த்தாழ்ப்பாள். நிலை விளிம்பில் துளை. வெளிப்புறம் ஆல்டிராப். பணி நேரத்தில் தொங்குபூட்டை நிலையில் உள்ள வளையத்திலேயே மாட்டிப் பூட்டிவைக்க வேண்டும். அப்போது விளையாட்டாகவேனும் எவரும் வெளியிலிருந்து கதவைத் தாழிட இயலாது.

பொருள் அறை: அரிசியும் பருப்பும் அடுக்கும் இடம். கூடத்தில் நின்று பார்க்கையில் மூலைச் சுவர் இடப்புறம் உள்ளது எனின், கீல் இடப்புறம்; மூட்டை சரியும் என்பதால் திறப்பு வெளியே. இது இடம்-வெளி, மூடும் திசை எதிர்த்திசை. முனை அடித்த கீல், போல்ட்டால் முடுக்கிய ஆல்டிராப், தொங்குபூட்டு ஆகியவை போதும். வில் நாக்குப் பூட்டு இங்கு வேண்டுவதில்லை. காற்றில் தானே பூட்டிக்கொண்டு உள்ளே சென்றவரைச் சிறைவைக்கும்.

கழிப்பறை: வெளிநோக்கித் திறக்கும் இலேசான கதவு. சிறு குழந்தைகள் மட்டும் பயன்படுத்துவதாயின் உள்ளே தாழ் வைக்காமல் விடுவதே நலம். பள்ளியில் பெண்பிள்ளைகள் பயன்படுத்தும் கழிப்பறைக்கோ உள்தாழ் கட்டாயம் வேண்டும். அது உறுதியாகவும், அவர்கள் கைக்கு எட்டுவதாகவும், ஒரு விரலால் விலகுவதாகவும் இருத்தல் வேண்டும். கழன்ற தாழ்ப்பாளை அன்றே சரிசெய்யாத பள்ளியில் பெண்பிள்ளைகள் கழிப்பறையைப் பயன்படுத்தத் தயங்குவர் என்பதை உறுப்பினர்கள் உணர வேண்டும்.

எழுதிக் கொடுக்கும் முறை

“இடக்கைத் தாழ்ப்பாள் மூன்று” என்று மட்டும் எழுதி ஒருவரைக் கடைக்கு அனுப்புவது போதாது. ஒவ்வொரு கதவுக்கும் பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதுக.

1. எந்தக் கதவு, பார்ப்பவர் நிற்கும் இடம் எது.
2. கீல்: இடமா, வலமா.
3. திறப்பு: உள்ளா, வெளியா.
4. மூடும் திசை: கடிகாரத் திசையா, எதிர்த்திசையா.
5. ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா. இரட்டையாயின் மேலே படிவது எது.
6. பலகையின் கனமும், தாழ்ப்பாள் பொருந்தவுள்ள சட்டத்தின் அகலமும்.
7. தாழ்ப்பாளின் வகை, நீளம், உலோகம், எந்த முகத்தில் பொருத்துவது.

இத்தாளை எப்போது எழுத வேண்டும் என்பதும் முக்கியம். கதவு அமரும் வெட்டு நிலையில் ஒரு முகத்தில் மட்டுமே எடுக்கப்படும். நிலையை நிறுத்திய பின்னர்த் திசையை மாற்ற நினைத்தால் மரத்தையே மாற்ற நேரும். நம் ஊர்களில் நிலை வைக்கும் நாளில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி வணங்குகிறோம். அந்நாளுக்கு முன்பே தாள் எழுதப்பட்டுத் தச்சர் கையில் இருக்க வேண்டும். நிலை எழும்புமுன் கீல் வரும் காலில் சாக்கட்டியால் ஒரு குறியிட்டு, மேற்பார்வையாளரும் வார்டு உறுப்பினரும் பார்த்துவிட்டால் பிற்பாடு வழக்கு எழாது.

பொருத்திய பின் மூன்று சோதனைகள் செய்க. ஒரு கையால், மறு கையின் உதவியின்றித் தாழ் விலகுகிறதா? கண்ணை மூடிக்கொண்டு உள்ளிருந்து தடவித் திறக்க முடிகிறதா? மழைக்காலத்தில் மரம் உப்பிய பின்னரும் கம்பி வளையத்தில் நேராகப் புகுகிறதா? மூன்றாவதற்காகக் கதவுக்கும் நிலைக்கும் இடையே ஒரு நூல் இடைவெளி விட்டு, கம்பி புகும் துளையையும் சற்றே நீள்வட்டமாக எடுக்கச் சொல்லலாம். முதல் இரண்டு சோதனைகளை இளைஞரைக் கொண்டு செய்யாமல், கட்டடத்தைப் பயன்படுத்துவோருள் வலிமை குறைந்தவரைக் கொண்டு செய்வதே பொருத்தம்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் தத்தம் வார்டில் உள்ள பள்ளி, அங்கன்வாடி, சமுதாயக் கூடம், பொதுக் கழிப்பறை ஆகியவற்றின் கதவுகளை ஒருமுறை நேரில் சென்று, மேற்கூறியவாறு இடம், வலம், உள், வெளி எனப் பட்டியலிட வேண்டுகிறோம். உள்நோக்கித் திறக்கும் வெளியேறு கதவுகளையும், தலைகீழாக அறைந்த பூட்டுகளையும் தனியே குறித்து, அடுத்த மன்றக் கூட்டத்தில் பழுதுபார்ப்புப் பணிகளோடு சேர்த்து வைத்தால், சிறு செலவில் அவற்றைத் திருத்திவிடலாம். மழை தொடங்குமுன் இப்பணியை முடிப்பது நலம்.